நடந்து இறங்கிய நாளுக்கும் சம்பளம் கொடுங்கள்

விங்சூட் வீடியோக்களுக்குப் பணம் தரும் கேமரா நிறுவனங்களுக்கும், பான நிறுவனங்களுக்கும், மலைச் சுற்றுலா அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

இதை எழுதுகிறவர்கள் விங்சூட் என்னும் சிறகு உடையில் பறப்பவர்கள், பறக்கக் கற்றுக்கொடுப்பவர்கள், பாராசூட் மடித்துத் தருபவர்கள். விளையாட்டை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. மலை விளிம்பில் நிற்கும் ஒருவர் குதிப்பதா, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து இறங்குவதா என்று முடிவெடுக்கும் நிமிடத்தில் உங்கள் பணம் என்ன செய்கிறது என்பதைக் கணக்கோடு காட்டி, உங்கள் ஒப்பந்தங்களில் சில வரிகளை மாற்றச் சொல்லவே எழுதுகிறோம். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஆல்ப்ஸில் எடுக்கும் உங்கள் வீடியோ மறுநாளே மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் கைபேசியில் ஓடுகிறது. பறக்கிறவர் பாறையை உரசிக்கொண்டு போவதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் எண்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

முதலில் இதன் ஈர்ப்பை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். 4,000 மீட்டர் உயரத்தில் விமானத்திலிருந்து சாதாரணமாகக் குதிப்பவர் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறார். ஒரு நிமிடத்தில் பாராசூட்டை விரித்தாக வேண்டும். விங்சூட் போட்டவருக்கு அதே உயரம் இரண்டரை, மூன்று நிமிடம் தருகிறது. விழும் வேகம் பாதிக்கும் கீழே குறைந்து, முன்னோக்கிய ஓட்டமாக மாறிவிடுகிறது. இரண்டு கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒவ்வொரு சிறகு, கால்களுக்கு நடுவே ஒன்று. ஒவ்வொரு சிறகிலும் மேல்துணி, கீழ்த்துணி என்று இரண்டு அடுக்கு, இடையிடையே தடுப்புத் துணிகள். முன்புறத்து வாய்கள் வழியாகக் காற்று புகுந்து மெத்தை மாதிரி உப்பி, விமான இறக்கையின் வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. தோளைக் கொஞ்சம் தாழ்த்தினால் உடம்பு முழுக்க அந்தப் பக்கம் திரும்பும். வெயிலை முதுகில் வைத்து ஒரு மேகத்தின் ஓரமாக வளைந்து போகும்போது, தன் நிழலும் அதைச் சுற்றி ஒரு சிறு வானவில் வட்டமும் மேகத்தின்மேல் கூடவே ஓடிவருவதைப் பார்க்கலாம். 2012 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பெரிஸில் 100 பேர் ஒரே அணியாக வரிசை பிடித்துப் பறந்தார்கள். அங்கே உரசுவதற்குப் பாறை எதுவும் இல்லை. அந்தப் பறப்பின் அழகுக்கும் குறைவில்லை.

விமானத்திலிருந்து பறப்பதிலும் ஆபத்து உண்டு. ஆனால் அங்குள்ள ஆபத்துகளுக்குப் பெயரும் காரணமும் மருந்தும் தெரியும். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி முதல் விங்சூட் பறப்புக்கு முன் குறைந்தது 200 குதிப்பு வேண்டும். உடை கட்டும் கையையும் காலையும் சமாளித்துக்கொண்டே உயரமானியைப் பார்த்து, திசை பிடித்து, பாராசூட்டை விரிக்க வேண்டும். அடிப்படை வேலைகள் யோசிக்காமல் கைக்கு வந்திருந்தால்தான் இது முடியும்.

விமானக் கதவில் முதல் ஆபத்து. வெளியே வந்த உடனே சிறகை விரித்தால் எதிர்க்காற்று உடம்பை மேலே தூக்கும். விமானத்தின் வால் அங்கேதான் இருக்கிறது. ஆகவே கைகளை உடம்போடு ஒட்டி, கால்களைச் சேர்த்து வெளியேறி, வால் கடந்த பிறகே சிறகை விரிக்க வேண்டும். 2018 ஜூலையில் தெற்கு பிரான்சில் நடந்தது வேறு வகை. ஆட்களை இறக்கிவிட்டு வேகமாகக் கீழிறங்கிய விமானம், தான் இறக்கிவிட்ட விங்சூட்காரர் ஒருவரையே இறக்கையால் மோதியது. அவர் இறந்தார். விங்சூட் மெதுவாக இறங்கும், நெடுந்தூரம் போகும், சாதாரணக் குதிப்பாளர் இருக்கும் இடத்தில் இருக்காது. பறக்கும் பாதையை முன்கூட்டி விமானியோடு வரைபடத்தில் பேசி முடிவுசெய்வது ஏன் கட்டாயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்தது தொடைப் பட்டை. சாதாரணக் குதிப்பில் தொடைப் பட்டை மாட்டாமல் விட்டால் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் பட்டுவிடும். விங்சூட்டில் பட்டைகள் உடைக்குள் மறைந்துபோகும். உடையின் இறுக்கமே பட்டை இறுகியிருப்பது போன்ற உணர்வைத் தந்து ஏமாற்றும். மாட்டாத பட்டையோடு குதித்துப் பாராசூட் விரிந்தால், இழுப்பு முழுவதும் தோளுக்குப் போய் ஆள் பட்டையிலிருந்து நழுவி விழுவார். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ஜிப்பை மூடும் முன்பே கையை உள்ளே விட்டு இரண்டு தொடைப் பட்டையையும் இழுத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பத்து விநாடி கூட ஆகாது.

விரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. விங்சூட்டின் பரந்த முதுகுக்கு மேலே காற்று செத்துக் கிடக்கும். இடுப்புக்குக் கீழிருந்து எடுத்து எறியும் பைலட் சூட் (பெரிய குடையை வெளியே இழுக்கும் சிறு குடை) அந்தச் செத்த காற்றில் மாட்டினால் இழுக்காது, முதுகின்மேல் துள்ளிக்கொண்டு கிடக்கும். அதனால்தான் விங்சூட்டுக்குப் பெரிய பைலட் சூட்டும் நீண்ட இணைப்புப் பட்டையும் வைக்கிறோம். மூன்று சிறகையும் ஒருசேரத் தளர்த்தி, இரண்டு கையையும் ஒரே நேரத்தில் பின்னால் கொண்டுபோய், வலது கையால் பலமாக வெளியே எறிந்துவிட்டு, குடை விரியும்வரை உடம்பைக் கோணாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு கை முந்தி ஒரு கை பிந்தினால் உடம்பு திரும்பும், கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். ஜிப்புக்குள் மாட்டியிருக்கும் கைகளால் முறுக்கை அவிழ்க்கப் போராடும் நேரத்தில் உயரம் கரைந்துகொண்டே போகும்.

தானாகப் பாராசூட்டை விரிக்கும் கருவியை நம்பி இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் வழக்கமான அமைப்பு, தரையிலிருந்து சுமார் 225 மீட்டருக்குக் கீழே வந்தும் மணிக்கு ஏறத்தாழ 126 கிலோமீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால்தான் வேலை செய்யும். சிறகு விரிந்த நிலையில் விங்சூட் அதைவிட மெதுவாக இறங்கும். ஆபத்தே இல்லை என்று நினைத்துக் கருவி சும்மா இருந்துவிடலாம்.

விங்சூட்டின் வரலாற்றிலேயே இந்தப் பாடம் எழுதியிருக்கிறது. இன்றைய மூன்று சிறகு உடையை 1990களில் உருவாக்கிக் காட்டிய பிரெஞ்சுக்காரர் பாட்ரிக் தெ கேயார்தோன், 1998 ஏப்ரலில் ஹவாயில் இறந்தார். சிறகு அவரைக் கைவிடவில்லை. தன் பாராசூட் பையில் அவரே செய்த ஒரு மாற்றத்தில் நேர்ந்த பிழையால் குடை சரியாக விரியவில்லை. அடுத்த ஆண்டு ஃபின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் சேர்ந்து விங்சூட்டை எல்லோருக்கும் விற்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து பயிற்சி முறைகள் வளர்ந்திருக்கின்றன. மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் இன்று பாடத்திட்டம் உண்டு.

மலைக்கு வருவோம். நீங்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் இதற்குத்தான்.

பாறை விளிம்பிலிருந்து குதிக்கும்போது காற்றே இருக்காது. விமானம் ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தில் உடைக்குக் காற்று கிடைக்கிறது; மலையில் தொடக்க வேகம் சுழியம். உடை உப்பிச் சறுக்கத் தொடங்க முதல் மூன்று, நான்கு விநாடி ஆகும், அதுவரை கல் மாதிரிதான் விழ வேண்டும். 3 விநாடியில் 44 மீட்டர், 4 விநாடியில் 78 மீட்டர். சறுக்கு முழுதாகப் பிடிக்க இன்னும் அதிகம். அதனால்தான் விளிம்பில் குப்புறப் படுத்துக் கல்லைப் போட்டு எண்ணுகிறார்கள், லேசர் தூரமானியால் கீழே துருத்தும் பாறைவரை அளக்கிறார்கள். மலையில் குதிப்பவர் முதுகில் இரண்டாவது பாராசூட் கிடையாது. இருந்தாலும் விரிக்க உயரம் இருக்காது.

இனிக் கணக்கு. சறுக்கு விகிதம் 2.5 என்றால், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் இரண்டரை மீட்டர் முன்னே போகிறது என்று பொருள். நல்ல உடையும் நல்ல கையும் சேர்ந்தால் இது 3 வரை போகும். 2.5 என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 45 மீட்டர் முன்னே, 18 மீட்டர் கீழே. எதிர்க்காற்று விநாடிக்கு 5 மீட்டர் வீசுகிறது என்றால் முன்னோட்டம் 40 ஆகிறது. மலை மறைவில் காற்று விநாடிக்கு 4 மீட்டர் கீழே இறங்குகிறது என்றால் இறக்கம் 22 ஆகிறது. நாற்பதை இருபத்திரண்டால் வகுத்துப் பாருங்கள்: 1.8. அதே மனிதர், அதே உடை, அதே மலை. காலை ஏழு மணிக்கு 2 விகிதச் சரிவுக்கு (ஒரு மீட்டர் இறங்க இரண்டு மீட்டர் முன்னே போகும் தரைக்கு) மேலே தாராளமாகக் கடந்து போனவர், மதியம் அதே சரிவில் தரையைத் தொடுகிறார். எதிர்க்காற்று மணிக்கு 18 கிலோமீட்டர்தான். கீழே ஊரில் நிற்பவருக்கு அது வெறும் இளங்காற்று.

இறக்கம் கூடுவதை உணர்ந்ததும் உடம்பு தானாக ஒன்று செய்யும்: தலையை நிமிர்த்திச் சிறகைத் தட்டையாக்கி இன்னும் தூரம் போகப் பார்க்கும். வேகம் குறையும். குறைந்த வேகத்தில் சிறகு காற்றைப் பிடிப்பதை விட்டுவிடும், அதாவது ஸ்டால் ஆகும். தூரம் தேடியவர் முன்பைவிடச் செங்குத்தாக விழுவார். வேகம் என்பது சேமிப்பு. செங்குத்தான பாதையில் வேகமாக வருபவர் தேவைப்படும்போது அந்தச் சேமிப்பைச் செலவழித்துப் பாறையிலிருந்து விலகலாம். தட்டையான சரிவை ஒட்டி மெதுவாகப் பறப்பவர் கையில் எதுவும் மிச்சமில்லை. பார்ப்பதற்கு முன்னதுதான் பயங்கரமாக இருக்கும், உண்மையில் கொல்வது பின்னது. மலையில் விங்சூட்காரர்கள் சாகும்போது பெரும்பாலும் பாராசூட் பழுதாகிச் சாவதில்லை. பறந்துகொண்டிருக்கும்போதே மோதிச் சாகிறார்கள்.

உங்கள் கேமரா இவற்றைக் காட்டாது. தலைக்கவசத்தில் இருக்கும் அகல லென்ஸ் ஓரத்துப் பாறைகளை விர்ரென்று ஓடவைக்கும், முன்னால் இருக்கும் தரையைத் தள்ளிவைக்கும். எதிர்மலையில் நிற்கும் நீள லென்ஸ் இடைவெளியை அமுக்கிக் காட்டும். 3 மீட்டரா 15 மீட்டரா என்று பார்வையாளருக்குத் தெரிய வழியே இல்லை. விநாடிக்கு 50 மீட்டர் போகும் ஒருவருக்கு ஒரு கண் இமைப்பே சில மீட்டர். வேடிக்கை பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு தேவையில்லை. அதைப் பார்த்து அடுத்த கோடையில் அதே விளிம்புக்கு வருகிறவருக்கு அதுதான் உயிர்.

2011இல் சுவிட்சர்லாந்தின் வாலன்ஸ்டாட் மலையில் ஒரு பாறைப் பிளவை ஒட்டி ஜெப் கோர்லிஸ் பறந்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. 2012 ஜனவரியில் கேப் டவுனின் டேபிள் மலையில் அவர் கால்கள் பாறையில் மோதின. உயிர் பிழைத்தார். 2015இல் உலி இமானுவேல் சுவிட்சர்லாந்தின் லாட்டர்புரூனன் அருகே இரண்டு மீட்டர் சொச்சம் அகலமுள்ள பாறைத் துளைக்குள் புகுந்து பறந்தார். நீண்ட நாள் தயாரிப்போடு செய்தது அது. 2016 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்திலேயே வேறொரு பறப்பில் அவர் இறந்தார். அதே மாதம் பிரான்சின் சாமோனியில் அலெக்சாண்டர் போல்லி இறந்தார். அதே மாதம் சுவிட்சர்லாந்தின் காண்டர்ஷ்டேக் அருகே ஒருவர் கைபேசியில் நேரலையை ஓடவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு குதித்தார். அவர் முடிவை முன்பின் தெரியாதவர்கள் காதால் கேட்டார்கள். அக்டோபரில் சாமோனியில் ஒருவர் வீட்டில் மோதி இறந்த பிறகு அந்த நகர நிர்வாகம் விங்சூட்டுக்குத் தடை போட்டது. இவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. அதனால்தான் இந்தப் பெயர்களைச் சொல்கிறோம்: திறமை கூடும்போது பலரும் அந்தத் திறமையை இடைவெளியைக் கூட்டுவதில் செலவழிப்பதில்லை, குறைப்பதில் செலவழிக்கிறார்கள். அப்படிச் செலவழிப்பவருக்கே சந்தையில் விலை கிடைக்கிறது.

நார்வேயின் ஷெராக் மலையில் 1995 முதல் 2005 வரை பதிவான 20,850 பேஸ் குதிப்புகளை (விமானத்திலிருந்து இல்லாமல் பாறை, கட்டடம் போன்ற நிலையான இடத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) மருத்துவர்கள் ஆராய்ந்தபோது 9 இறப்புகள் இருந்தன. ஏறத்தாழ 2,300 குதிப்புக்கு ஒன்று. ஒரே ஒரு மலை, உள்ளூர் சங்கம் ஒழுங்காகக் கவனித்து நடத்தும் இடம், எல்லா வகைக் குதிப்பும் சேர்ந்த கணக்கு. பாறையை ஒட்டிப் பறப்பதை மட்டும் தனியே எடுத்தால் இதைவிட நல்ல எண் வரும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

இப்போது உங்கள் பணம். படப்பிடிப்புக்கு நாள் குறித்தாயிற்று. ஹெலிகாப்டர் வாடகைக்கு வந்தாயிற்று. எதிர்மலையில் இரண்டு பேர் கேமராவோடு நிற்கிறார்கள், ட்ரோன் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. விளிம்பில் நிற்பவர் ஒரு துண்டு நூலைக் கைநீட்டிப் பிடிக்கிறார். அது முதலில் பள்ளத்தாக்குப் பக்கம் ஆடுகிறது, பிறகு தன் முகத்தை நோக்கித் திரும்புகிறது, பிறகு தொங்குகிறது. காற்று மாறிக்கொண்டிருக்கிறது என்று அந்த நூல் சொல்கிறது. தனியாக வந்திருந்தால் உடையைக் கழற்றிப் பையில் திணித்து நடக்கத் தொடங்கியிருப்பார். குதித்தால்தான் காசு என்று ஒப்பந்தம் சொல்லும்போது நூல் சொல்வது காதில் விழாது. யாரும் அவரைத் தள்ளவில்லை, வற்புறுத்தவில்லை. தள்ளத் தேவையும் இல்லை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இது: விளிம்புவரை ஏறி, காற்றைப் பார்த்து, நடந்து இறங்கிய நாளுக்குக் குதித்த நாளுக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுங்கள். பாதி இல்லை, போக்குவரத்துச் செலவு இல்லை, முழுத் தொகை. ஐந்து நாள் படப்பிடிப்பு என்றால் பத்து நாளுக்கு நிதி ஒதுக்குங்கள். ஆல்ப்ஸில் வெயில் ஏறியதும் பள்ளத்தாக்குக் காற்று எழும். மலைத்தொடரைத் தாண்டி இறங்கும் சூடான வறண்ட காற்று வந்தால் நாட்கணக்கில் பறக்க முடியாது. வெளியீட்டு விழாவுக்கோ போட்டிக்கோ தேதி வைத்துவிட்டு அதற்குள் வீடியோ கேட்காதீர்கள்.

இத்தனை மீட்டர் நெருக்கம் வேண்டும் என்று எழுத்திலோ பேச்சிலோ கேட்காதீர்கள். சென்ற முறையைவிடக் கொஞ்சம் கிட்டே என்று சொல்வதும் அதே கோரிக்கைதான். நிறுவனத்தின் ஆள் யாரும் விளிம்பில் நிற்க வேண்டாம். படப்பிடிப்பை நிறுத்தும் அதிகாரம் உள்ள அனுபவசாலி ஒருவரை நியமித்து, எது நடந்தாலும் அவர் சம்பளம் மாறாது என்று எழுதிக் கொடுங்கள்.

வீடியோவின் ஓரத்தில் எண்களைப் போடுங்கள். பறப்பவரின் மொத்தக் குதிப்பு எத்தனை, அதில் விங்சூட் எத்தனை, இதே பாதையில் உயரமாக இடைவெளி விட்டு எத்தனை முறை பறந்த பிறகு இவ்வளவு கிட்டே வந்தார், பாதையின் மிகத் தட்டையான இடத்தில் சரிவின் விகிதம் என்ன, அங்கே அவருடைய சறுக்கு விகிதம் என்ன, காற்று எவ்வளவு. இவை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. கவனமாகப் பறப்பவர்கள் தலைக்கவசத்தில் ஃப்ளைசைட் போன்ற ஜிபிஎஸ் கருவியை வைத்துப் பதிவுசெய்து, ஒவ்வொரு பறப்பையும் மலையின் வெட்டுமுகத்தோடு ஒப்பிட்டுத்தான் அடுத்ததைத் திட்டமிடுகிறார்கள். அந்தத் தகவல் அவர்களிடம் இருக்கிறது. நீங்கள் கேட்டால் போதும். அது இல்லாதவர் என்றால், அவருக்குப் பணம் கொடுக்கலாமா என்று அங்கேயே நிறுத்தி யோசியுங்கள்.

பெரிய சிறகு உடையைப் பிரபலமான இளைஞருக்குப் பரிசாக அனுப்பும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். பெரிய துணி அதிகத் தூக்குவிசை தரும். ஒரு கை தடுமாறினால் தட்டையாகச் சுழலவும் வைக்கும். சுழலும்போது கைகால்களை உடம்போடு சுருட்டி, சிறகைச் சாகவிட்டு, தலைகீழானாலும் பொறுத்திருந்து மீள வேண்டும். இதை உயரத்தில் பலமுறை பயிற்சி செய்தவருக்கே அந்த உடை. மலையில் விங்சூட் போட எங்கள் அளவுகோல், விமானத்திலிருந்து சில நூறு விங்சூட் பறப்பும், விங்சூட் இல்லாமல் நூறு பேஸ் குதிப்பாவதும். உடை அனுப்பும் முன் குதிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மலைச் சுற்றுலா அமைப்புகளுக்குத் தனியாக ஒன்று. லாட்டர்புரூனனில் குதிப்பவர்கள் தரையிறங்கும் அட்டை வாங்குகிறார்கள். அந்தப் பணம் மிதிபடும் புல்வெளிக்காக விவசாயிகளுக்குப் போகிறது. குதிக்கும் முன் ஹெலிகாப்டர் தளத்துக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள். இந்த இரண்டு ஏற்பாட்டையும் உங்கள் விளம்பரங்களில் காட்டுங்கள். அந்தப் புல் மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம். அந்த ஹெலிகாப்டரில் வந்து உடலை எடுப்பவர்களும் அதே பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்கள். தடை போட்டால் ஆட்கள் பெயர் தெரியாத விளிம்புகளுக்குப் போவார்கள், மீட்புக் குழுவுக்கு யார் எங்கே என்று தெரியாது. பதிவும் தொலைபேசி அழைப்பும் இருக்கும் இடத்திலேயே இந்த விளையாட்டை வைத்திருக்க நீங்கள் உதவலாம்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வரியை நாங்களே எழுதித் தருகிறோம். உங்கள் வழக்கறிஞர்கள் சொற்களைத் திருத்திக்கொள்ளட்டும், பொருளை மாற்ற வேண்டாம்:

"பறப்பவர் குதிக்கும் இடத்துக்குச் சென்று, தம் சொந்த முடிவின்படி குதிக்காமல் திரும்பினால், காரணம் எதுவும் கேட்கப்படாது. அன்றைய முழுத் தொகையும் வழங்கப்படும். எத்தனை நாள் இவ்வாறு திரும்பினாலும் அடுத்த ஒப்பந்தத்துக்கு அது அவருக்கு எதிராகக் கொள்ளப்படாது."